குத்துகிற கையும் கையெழுத்துப் போடுகிற கையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தில் கோவை பாசஞ்சருக்காக நின்றுகொண்டிருந்தேன். ஊட்டி மலை ரயில் கிளம்பிப் போய், சுற்றுலாக் கூட்டம் கலைந்திருந்த நேரம். பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் பக்கத்தில் வந்து, "ஏனுங்ண்ணா, ஏப்ரல் பதினாலுக்கு எங்க தெருவுல பேசுனது நீங்கதானுங்களே?" என்று கேட்டாள். தோளில் பள்ளிக்கூடப் பை. உள்ளே ஒரு ஜோடி பழைய கிளவுஸ், கைக்குச் சுற்றுகிற துணி, ஒரு டப்பாவில் தக்காளி சாதம். வாரா வாரம் கோவைக்குப் போய் குத்துச்சண்டை கற்றுக்கொள்கிறாளாம். அம்மாவுக்கு உருளைக்கிழங்கு மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. அந்தக் கூலியிலிருந்துதான் ரயில் டிக்கெட்டும் முட்டையும் வர வேண்டும்.

"சார்பட்டா பாத்துட்டு ஆடுறான்னு கிண்டல் பண்றாங்கண்ணா. படம் வர்றதுக்கு முன்னாடியே எனக்கு ஆசை இருந்துச்சுங்க" என்றாள். பிறகு, ரயில் வருகிற சத்தம் கேட்கும்போது, உண்மையான கேள்வியைக் கேட்டாள். "நேசனல்ஸ் ஆடிட்டா கவர்மெண்டு வேலை கெடைக்குமுங்களா? அதுக்கு யார்கிட்ட கையெழுத்து வாங்கோணும்? கோச்சைக் கேட்டா அப்புறம் பாக்கலாம்னு சொல்றாருங்க."

இருபது வருடமாக மேடை மேடையாக இடஒதுக்கீடு பற்றிப் பேசுகிறவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமல்ல, விளையாட்டை நம்பி இருக்கிற நம் பிள்ளைகள் எல்லோருக்கும்.

துளசி ஹெலன் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? சென்னைக்காரர். தலித் பெண். பதின்வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, குத்துச்சண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவர். 48 கிலோ வரையிலான லைட் ஃபிளை பிரிவில் ஆடியவர். நார்வேயைச் சேர்ந்த பேத்தே ஹோஃப்செத், சுசான் ஓஸ்டிகார்ட் என்ற இரண்டு பெண் இயக்குநர்கள் அவரைப் பின்தொடர்ந்து எடுத்த ஆவணப்படம் 2013இல் வெளிவந்தது. பெயர் 'லைட் ஃபிளை, ஃபிளை ஹை'. உலகத் திரைப்பட விழாக்களில் ஓடிய படம். நம் ஊர் கல்லூரிகளில் இதைத் திரையிட்டவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், மகிழ்ச்சியடைவேன்.

குத்துச்சண்டைப் படம் என்றால் கடைசியில் ஒரு பெரிய ஃபைட் வரும் என்று எதிர்பார்ப்போம். இந்தப் படத்தில் பதற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. துளசிக்கு வயது இருபத்தைந்தை நெருங்குகிறது. அதற்குள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இத்தனை வருடம் வாங்கிய குத்துக்கு ஒரு பொருளும் இல்லை. ஒலிம்பிக் மேடை பற்றிய கனவைவிட மாதச் சம்பளம் பற்றிய கனவு பெரிதாக இருக்கிறது. அதைப் பார்த்து, "ஐயோ, இவ்வளவு சின்ன ஆசையா" என்று யாராவது சொன்னால், அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தமிழ்நாட்டுக் குத்துச்சண்டை நிர்வாகி ஒருவர் மீது துளசி போலீசில் புகார் கொடுத்தார். பணம் கேட்டது, பாலியல் தொல்லை கொடுத்தது என்பவை புகார்கள். அந்த நிர்வாகி கைது செய்யப்பட்டார். அதன்பிறகு துளசியின் விளையாட்டு வாழ்க்கை என்ன ஆனது என்பதைப் பத்திரிகைகளிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஆட்டோ ஓட்டினார், பீட்சா டெலிவரி செய்தார், ஜிம்மில் பயிற்சி கொடுத்தார். "மேரி கோமோடு மோதியவர் இன்று பீட்சா கொண்டுவருகிறார்" என்ற பாணியில் தலைப்புகள் வந்தன. அந்தத் தலைப்புகள் மீது எனக்குக் கோபம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்த 'அமெச்சூர்' என்ற சொல்லைப் பார்ப்போம். பணத்துக்காக அல்லாமல் விளையாட்டின் மீதுள்ள பிரியத்துக்காக ஆடுகிறவர் என்று அதற்கு அழகாகப் பொருள் சொல்வார்கள். அதன் பூர்வீகம் அவ்வளவு அழகானதல்ல. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியை நடத்தியவர்கள் 1879இல் அமெச்சூர் யார் என்று ஒரு விதி எழுதினார்கள். கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக், கைவினைஞர், உழைப்பாளி எவரும் அமெச்சூர் ஆக முடியாது என்றது அந்த விதி. படகு ஓட்டி அவன் காசு வாங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கையால் உழைத்துச் சாப்பிடுகிறவன் என்பதே அவனை விலக்கப் போதுமானது. ஜாக் கெல்லி என்ற அமெரிக்கர் செங்கல் வைத்துக் கட்டுகிற கொத்தனார் வேலை பார்த்தவர். 1920இல் அவரை ஹென்லிக்குள் விடவில்லை. அவருடைய கிளப் மீது பழைய தடை ஒன்றும் இருந்தது. அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் கெல்லி தங்கம் வென்றார். அந்த விதியை ஹென்லி எடுத்தது 1937இல்தான்.

கையால் உழைப்பவன் தீட்டு என்கிற எண்ணம் நமக்குப் புதிதா? அங்கே வர்க்கத்தின் பெயரால் எழுதி வைத்தார்கள். இங்கே எழுதி வைக்கவே தேவையிருக்கவில்லை.

குத்துச்சண்டையை உலக அளவில் நடத்திய அமைப்பு 1946இல் தொடங்கப்பட்டபோது அதன் பெயரிலேயே அமெச்சூர் இருந்தது. பிறகு அந்தச் சொல்லைக் கைவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தொழில்முறை வீரர்களையும் அனுமதித்தார்கள். சொல் போய்விட்டது, ஆனால் கணக்கு மாறவில்லை. காலையில் ஓடி, மாலையில் ரிங்கில் ஏறி, நடுவில் தூங்கி, முட்டையும் பாலும் சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் அவன் ஒரு ரூபாய் சம்பாதிப்பதில்லை. அப்படியென்றால் அவனுக்கு யாரோ சோறு போடுகிறார்கள் என்று பொருள். வசதியான வீட்டில் அப்பா போடுவார். நம் வீட்டில் மண்டியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு பொறுக்குகிற அம்மா போடுகிறார். அமெச்சூர் விளையாட்டை இந்த நாட்டில் இப்படிப்பட்ட அம்மாக்களின் கூலிதான் நடத்திக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஈடாக அரசு வைத்திருக்கிற ஏற்பாடுதான் விளையாட்டு ஒதுக்கீடு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 சதவீதம். ஒன்றிய அரசில் குரூப் சி பணிகள். ரயில்வே, போலீஸ், ராணுவம் எல்லாம் இதில் ஆள் எடுக்கின்றன. இது நல்ல ஏற்பாடு. நான் இதற்கு எதிரியல்ல. மணிப்பூரில் நிலத்தில் உழைத்துப் பிழைத்த கோம் பழங்குடிக் குடும்பத்தின் மகளான மேரி கோமுக்கு மாநிலப் போலீசில் வேலை கிடைத்ததும் பாக்ஸிங்கால்தான்.

அந்தக் கதவின் தாழ்ப்பாள் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வி. கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றிய அரசின் விதியில் விளையாட்டுச் சான்றிதழுக்குப் படிவங்கள் உண்டு. இந்தியாவுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடினால் படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 2. பல்கலைக்கழகத்துக்காக ஆடினால் படிவம் 3. பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டிக்குப் படிவம் 4. கடைசி இரண்டிலும் கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அதிகாரி, கல்வித் துறை அதிகாரி. முதல் இரண்டில்? படிவம் 1க்குத் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர். படிவம் 2க்கு அவரோ மாநிலச் சங்கத்தின் செயலாளரோ. அதாவது, அதிக மதிப்புள்ள இரண்டு படிவங்களும் அரசு ஊழியர் அல்லாத, சங்கத் தேர்தலில் ஜெயித்து வந்த ஒருவருடைய பேனாவில் இருக்கின்றன. அரசு வேலைக்கான சாவி அரசிடம் இல்லை.

இந்தப் பேனாவை யோசித்துப் பாருங்கள். உங்களைத் தேர்வுப் போட்டிக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அதே ஆட்கள். மாநில அணிப் பட்டியலை எழுதுவதும், ஆடியதற்குச் சான்று தருவதும் அவர்களே. பிறகு உங்கள் வயது ஏறுகிறது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பு ஒன்றை எடுத்துப் படியுங்கள். 18 முதல் 25 வயது, எந்தத் தளர்வும் கிடையாது என்று இருக்கும். மற்ற ரயில்வே தேர்வுகளில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு இருக்கிற ஐந்தாண்டுத் தளர்வு இங்கே இல்லை. "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று ஒருவர் மூன்று முறை சொன்னால் போதும், உங்கள் வாழ்க்கை முடிந்தது. யாரும் உங்களை ரிங்கில் தோற்கடிக்க வேண்டியதே இல்லை.

சர்வதேசப் போட்டி என்று வரும்போது வழி இன்னும் குறுகல். ஓர் எடைப்பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான். பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் சேர்த்ததே 2012 லண்டனில். அதுவும் 51, 60, 75 கிலோ என்று மூன்றே பிரிவுகள். அந்த ஆண்டு ஆண்களுக்குப் பத்துப் பிரிவுகள் இருந்தன. 48 கிலோவில் உலகச் சாம்பியனாக இருந்த மேரி கோமே உடம்பை ஏற்றிக்கொண்டு 51இல் ஆடித்தான் வெண்கலம் வாங்கினார். சத்துக்குறைவான வீடுகளில் வளர்ந்த மெலிந்த பெண்கள் அதிகம் நிற்கிற எடை எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த எடைக்கு ஒலிம்பிக்கில் நாற்காலியே போடவில்லை.

நம் மாநிலத்திலிருந்து போனவர்கள் இல்லாமல் இல்லை. வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார், 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார், 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். வடசென்னையின் பரம்பரைகள் பற்றிப் படம் வந்தபோது கபிலனைக் கொண்டாடிய நாம், ரத்தமும் சதையுமாக இருக்கிற தேவராஜனின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இது நம் குறை. பா. ரஞ்சித் மீது பழிபோட முடியாது.

"ரிங்குக்குச் சாதி தெரியாது" என்று சில தோழர்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கயிற்றுக்குள் நிற்கிற அந்த ஒன்பது நிமிடத்துக்கு வேண்டுமானால் சரி. அதுவும் முழுக்க நிச்சயமில்லை. 2014 இஞ்சியான் ஆசியப் போட்டியில் சரிதா தேவி அரையிறுதியில் கொரிய வீராங்கனையை அடித்து நொறுக்கியும் தோற்றதாக அறிவித்தார்கள். பதக்கத்தை வாங்க மறுத்து அழுத அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவருக்குத்தான் தடை விதித்தார்கள். ரியோ ஒலிம்பிக்கில் நடுவர்கள் முடிவுகளை வளைத்ததைப் பிறகு விசாரணை அறிக்கையே சொன்னது. 2023இல் உலக அமைப்பின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் கமிட்டி பறித்தது. இந்தியாவின் கூட்டமைப்பு 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டு, நம் வீரர்கள் தேசியக் கொடி இல்லாமல் உலகப் போட்டியில் ஆடிய காலமும் உண்டு. நாற்காலிச் சண்டை போட்டவர்கள் யாருக்கும் வயது வரம்பு தாண்டவில்லை. வீரர்களுக்குத்தான் தாண்டியது.

இப்போது துளசியிடம் திரும்புவோம். 2023 ஜனவரியில் வினேஷ் போகத்தும் சாக்‌ஷி மாலிக்கும் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது நாடே பார்த்தது. அவர்கள் உலகப் பதக்கமும் ஒலிம்பிக் பதக்கமும் வாங்கியவர்கள், பின்னால் ஒரு சமூகமும் விவசாயச் சங்கங்களும் நின்றன. அப்படியிருந்தும் ரோட்டில் இழுத்துப்போடப்பட்டார்கள். குற்றப்பத்திரிகை வருவதற்குள் அவர்கள் பட்ட பாடு தெரியும். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, கழுத்தில் ஒலிம்பிக் பதக்கம் இல்லாத, பின்னால் ஊர் இல்லாத ஒரு தலித் பெண் தனியாகக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாம் எங்கே இருந்தோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நமக்கு அது விளையாட்டுச் செய்தி. ஏழாம் பக்கம்.

அதனால்தான் அந்தப் பீட்சா தலைப்புகள் மீது கோபம். பீட்சா கொண்டுபோவதில் என்ன இழிவு? நம் பிள்ளைகள் ஆயிரம் பேர் அந்தப் பையை முதுகில் மாட்டித்தான் படிக்கிறார்கள். எழுத வேண்டிய தலைப்பு, புகார் கொடுத்த பெண்ணுக்கு வேலை ஏன் கிடைக்கவில்லை என்பது. பரிதாபம் ஒரு நாள் செய்தி, யாரையும் பதில் சொல்லவைக்காது. எங்கள் ஊர் அதை நேரில் பார்த்தது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, நடூரில், நாங்கள் தீண்டாமைச் சுவர் என்று சொல்கிற சுவர் விழுந்து 17 பேர் செத்தார்கள். அன்றைக்கு மேட்டுப்பாளையத்துக்கு வராத கேமரா இல்லை. எல்லோரும் கண்ணீரைத்தான் எடுத்தார்கள். சுவரை ஏன் அந்த உயரத்துக்குக் கட்டினார்கள், முன்பே சொன்னபோது ஏன் கேட்கவில்லை என்று எங்கள் மக்கள் கேட்டதைப் பதிவு செய்தவர்கள் கொஞ்சம் பேர்.

ஆகவே பரிதாபத்தை விட்டுவிட்டு, கையில் இருக்கிற சட்டங்களைப் பார்ப்போம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. அலுவலகத்துக்கு மட்டும்தான் அது என்று நினைக்காதீர்கள். விளையாட்டுப் பயிற்சி நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கிற இடம் எல்லாம் பணியிடம் என்று அதன் 2(ஓ) பிரிவு சொல்கிறது. சங்கத்தில் புகார்க் குழு இல்லை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015 திருத்தத்துக்குப் பிறகு, தலித், பழங்குடிப் பெண்ணிடம் பாலியல் நோக்கத்தோடு நடந்துகொள்வதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை வேண்டாம் என்று 18ஏ பிரிவு 2018இல் சேர்க்கப்பட்டது. ஸ்டேஷனில் "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்றால் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமை. அரசிடம் கணிசமாக நிதி வாங்கும் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகள் இதற்குள் வரும் என்று ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் 2010லேயே அறிவித்துவிட்டது. தேர்வுப் போட்டி எந்தத் தேதியில் நடந்தது, யார் நடுவர், பட்டியல் எந்த அடிப்படையில் வந்தது, சான்றிதழ் கேட்டு எத்தனை மனு நிலுவையில் இருக்கிறது என்று கேளுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றவர்களில் எஸ்.சி., அதில் அருந்ததியர் எத்தனை பேர் என்று மாநில அரசிடம் கேளுங்கள். 2009இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு வாங்கியது போராடித்தான். இந்த 3 சதவீதத்துக்குள் நம் பங்கு என்ன என்று ஒருமுறையாவது கேட்டோமா?

காகிதத்தை லேசாக நினைக்காதீர்கள். 2019இல் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்குத் தேர்வு நடத்தாமலே மேரி கோமை அனுப்பப் பார்த்தார்கள். நிஜாமாபாத்திலிருந்து வந்த நிகத் ஜரீன் என்ற இளம் வீராங்கனை விளையாட்டு அமைச்சருக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்பதுதான் சாரம். திமிர் என்றார்கள். டிசம்பர் 28 அன்று தேர்வு நடந்தது. நிகத் தோற்றார், 9-1. ஆனால் தேர்வு நடந்தது. அவர் 2022இலும் 2023இலும் உலகச் சாம்பியன் ஆனார். மேரி கோமை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆறு முறை உலகச் சாம்பியனான பழங்குடிப் பெண் அவர். அவருடைய இடத்தைக்கூட ரிங்கில்தான் தீர்மானிக்க வேண்டும், மேசையில் அல்ல என்பதே என் பேச்சு.

கையெழுத்து விஷயத்தில் என் கோரிக்கை சின்னதுதான். மாநிலத் தேர்வுப் போட்டிகளைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அதிகாரி முன்னிலையில், வீடியோ பதிவோடு நடத்துங்கள். படிவம் 2ஐச் சங்கச் செயலாளர் முப்பது நாளில் தராவிட்டால் மாவட்ட விளையாட்டு அலுவலர் தரட்டும். போட்டி முடிவுகள் எல்லாம் பதிவில் இருக்கும்போது சான்றுக்கு ஒருவர் வீட்டு வாசலில் ஒரு பெண் ஏன் நிற்க வேண்டும்?

அந்தப் பெண்ணுக்குப் போன வாரம் போன் செய்து இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் பல்கலைக்கழகத்துல ஆடுனா படிவம் மூணுங்ளா? அதுக்குச் சங்கம் வேண்டாமுங்களே?" என்றாள். நான் யோசிக்காத வழி. ஆமாம், வேண்டாம். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் விளையாட்டுப் பிரிவு பற்றி விசாரிக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டோம். வருகிற ஞாயிறு அவளோடு நானும் கோவைக்குப் போகிறேன். மாவட்டத் தேர்வுப் போட்டியின் தேதியை எழுத்தில் கேட்டு ஒரு மனு தயாராக இருக்கிறது. அவளுடைய அம்மாவும் வருகிறார். மண்டியில் சொல்லிவிட்டாராம்.